ஆர்சனிக்கைத் "தின்னும்" பாக்டீரியா: தின்ற பிறகு அது எங்கே போகிறது?

செம்மண் (தொடக்கப் பதிவு)

குடும்பக் குழுவில் சித்தப்பா ஒரு ஃபார்வர்டு தட்டிவிட்டிருக்கிறார். "விஷத்தைத் தின்று மண்ணைச் சுத்தமாக்கும் பாக்டீரியா! ஆர்சனிக் பிரச்சினைக்கு முற்றுப்புள்ளி!" என்று. ஆதாரம் வழக்கம் போல எதுவும் இல்லை, கீழே மூன்று கும்பிடு மட்டும் உண்டு.

நான் பி.காம். என் வேதியியல் பத்தாவதோடு முடிந்தது. இருந்தாலும் ஒன்று குடைகிறது. இலை மட்கும், எண்ணெய் சிதையும், சரி. ஆர்சனிக் தனிமம் ஆயிற்றே? தனிமத்தை யார் தின்று யார் செரிப்பது? அது எங்கும் போகாது என்றால் அந்தப் பாக்டீரியா என்னதான் செய்கிறது? விஷத்துக்குள் உட்கார்ந்துகொண்டு தான் மட்டும் ஏன் சாகாமல் இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், சித்தப்பாவுக்குப் பதில் போடணும்.

ஓய்வு வாத்தியார்

உங்கள் சந்தேகம் சரியானது. தனிமத்தை எந்த உயிராலும் அழிக்க முடியாது. அதன் சேர்மத்தை மாற்றலாம், இடத்தை மாற்றலாம், அவ்வளவுதான்.

நம்மவர்களுக்கு ஆர்சனிக் புதிய சரக்கு அல்ல. நாட்டு மருந்துக் கடையில் இருந்த அரிதாரமும் மனோசிலையும் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமங்கள். வெள்ளைப் பாஷாணம் என்பது ஆர்சனிக்கின் ஆக்சைடு. மண்ணிலும் நீரிலும் நாம் கவலைப்பட வேண்டியது முக்கியமாக இரண்டு வடிவங்களைப் பற்றி. ஆக்சிஜன் உள்ள இடத்தில் ஆர்சனேட், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் ஆர்சனைட்.

இரண்டும் கொல்லும், ஆனால் வழி வேறு. தனிம வரிசை அட்டவணையில் பாஸ்பரசுக்கு நேர் கீழே இருப்பது ஆர்சனிக். அதனால் ஆர்சனேட், பாஸ்பேட்டின் அச்சு அசலாக இருக்கும். செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. தயாராகும்போது பாஸ்பேட்டின் இடத்தில் இது போய் உட்காரும். உட்கார்ந்த கணமே அந்தப் பிணைப்பு நீரில் உடைந்துவிடும். செல் உழைத்துக்கொண்டே இருக்கும், கையில் ஒன்றும் நிற்காது. ஆர்சனைட்டோ கந்தகத்தைத் தேடிப் பிடித்துக் கட்டிக்கொள்ளும். அரிதாரம் என்ற கனிமமே அந்தப் பாசத்துக்குச் சாட்சி. நம் நொதிகளில் கந்தகம் உள்ள இடங்களை அது பிடித்துக்கொண்டால் நொதி முடங்கும். பொதுவாக இரண்டில் ஆர்சனைட்டே கொடியது.

பாக்டீரியா எப்படித் தப்புகிறது என்பதை உயிரியல்காரர்கள் சொல்லட்டும்.

பட்டினத்தான்

அப்போ பழனி நவபாஷாணச் சிலைல இருக்கிற பாஷாணமும் இதுதானா?

நிர்வாகி

அதற்குத் தனி இழை ஏற்கெனவே 40 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே போங்கள். இங்கே மண்.

வண்டல்

மேற்கு வங்காளத்தில் நதியா மாவட்டத்தில் இதே வேலையாக நாலு வருஷம் மண் தோண்டியவன் நான். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆர்சனிக் எப்படி உள்ளே நுழைகிறது என்று பார்க்கணும். பாக்டீரியா அதை வா என்று கூப்பிடுவதில்லை. பாஸ்பேட் இல்லாமல் உயிர் இல்லை, அதனால் செல் சவ்வில் பாஸ்பேட்டுக்கு ஒரு வாசல் திறந்தே இருக்கும். ஆர்சனேட் அந்த வேஷத்தில் உள்ளே வந்துவிடும். ஆர்சனைட்டுக்கு மின்சுமை கிடையாது, சின்ன மூலக்கூறு. கிளிசரால் போகிற வாசலில் அது சத்தமில்லாமல் நுழையும். இரண்டு வாசலையும் அடைத்துவிட்டுப் பிழைக்க முடியாது.

ஆகவே பெரும்பாலான மண் பாக்டீரியாக்கள் வைத்திருக்கும் உத்தி, வந்ததை வெளியே தள்ளுவது. இதற்கான மரபணுக்கள் வரிசையாக ஒரே கொத்தாக இருக்கும், "ஆர்ஸ்" ஆப்பெரான் என்று பெயர். அதில் ஆர்ஸ்-ஆர் என்ற புரதம் காவல்காரன். சும்மா இருக்கும் நேரத்தில் டி.என்.ஏ.மேல் படுத்துக்கொண்டு மற்ற மரபணுக்களை எழும்ப விடாது. ஆர்சனைட் வந்து அதைத் தொட்டதும் பிடி நழுவி விழும். கொத்து முழுக்க வேலை செய்ய ஆரம்பிக்கும். ஆர்ஸ்-சி என்ற நொதி ஆர்சனேட்டை ஆர்சனைட்டாக மாற்றும். ஆர்ஸ்-பி என்ற பம்பு அதை வெளியே தள்ளும். மண்ணில் பார்த்தால் ஆர்ஸ்-பியை விட ஏ.சி.ஆர்-3 என்ற இன்னொரு வகைப் பம்புதான் அதிகம் கிடைக்கிறது. ஆர்-773 என்ற புகழ்பெற்ற பிளாஸ்மிடில் (முதன்மை டி.என்.ஏ.வுக்கு வெளியே தனியாக இருக்கும் சின்ன டி.என்.ஏ. வளையம்) கூடுதலாக இரண்டு ஆட்கள்: ஆர்ஸ்-டி ஆர்சனைட்டைப் பிடித்துக் கையில் கொடுக்கும், ஆர்ஸ்-ஏ ஏ.டி.பி.யை எரித்துப் பம்புக்கு வேகம் கொடுக்கும். பிளாஸ்மிடில் இருப்பதால் பக்கத்துப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றாகப் போகும்.

இதில் ஒரு விசித்திரம் கவனித்தீர்களா? வாத்தியாரய்யா ஆர்சனைட்தான் கொடியது என்றார். இது ஆர்சனேட்டைப் பிடித்து வேலைமெனக்கெட்டு அதைவிடக் கொடியதாக மாற்றித் தள்ளுகிறது! காரணம் இல்லாமல் இல்லை. ஆர்சனேட்டைத் தள்ளும் பம்பு ஒன்று இருந்தால் அது பாஸ்பேட்டையும் சேர்த்து வெளியே வாரிவிடும், இரண்டும் அவ்வளவு ஒத்தவை. ஆர்சனைட்டைத்தான் அடையாளம் பிரிக்க முடியும். இன்னொரு காரணம் பூமியின் வயது. காற்றில் ஆக்சிஜன் இல்லாத ஆதிகாலத்தில் இருந்தது ஆர்சனைட்தான். பம்பு அப்போதே வந்துவிட்டது, ஆக்சிஜன் பெருகி ஆர்சனேட் வந்த பிறகு மாற்றும் நொதி பின்னால் ஒட்டிக்கொண்டது என்று கணிக்கிறார்கள்.

செம்மண், உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான்: தன் வாசலைப் பெருக்கி அடுத்த வீட்டு வாசலில் தள்ளுகிறது. அதற்குச் சுத்தம், மண்ணுக்கு இல்லை.

எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு கணக்கு. உலகச் சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கொரினிபாக்டீரியம் குளூட்டமிகம் என்று ஒரு மண் பாக்டீரியா, சீனச் சமையலில் போடும் குளூட்டமேட் உப்பைத் தொழிற்சாலையில் தயாரிப்பது இதை வைத்துத்தான். அது லிட்டருக்கு 12 மில்லிமோல் ஆர்சனைட் வரை தாங்குகிறது. அதாவது ஏறக்குறைய 900 மில்லிகிராம். நம் அளவைப் போல 90,000 மடங்கு.

நுண்ணிலா

வண்டல் அண்ணா, சரியான நேரத்துல வந்தீங்க. நான் எம்.எஸ்சி. கடைசி வருஷம், நுண்ணுயிரியல். ராய்ச்சூர் மாவட்டத்துல ஆர்சனோபைரைட் பாறை இருக்கிற பகுதில எடுத்த மண்ணுலேர்ந்து 11 பாக்டீரியா காலனி பிரிச்சிருக்கேன். 11-ம் 50 மில்லிமோல் ஆர்சனேட்ல ஜம்முனு வளருது. தட்டுல சில்வர் நைட்ரேட் ஊத்திப் பார்த்தேன். ஆர்சனேட் இருந்தா பழுப்பு, ஆர்சனைட் இருந்தா மஞ்சள்னு படிச்சிருக்கேன். எனக்கு எல்லாமே மஞ்சள்! பதினொண்ணும் ஆர்சனேட்டை ஒடுக்கி ஆர்சனைட்டாக்கற பாக்டீரியான்னு எழுதிடலாமா? வழிகாட்டி ஐயா ரொம்ப சந்தோஷமா இருக்காங்க.

வண்டல்

பதினொண்ணும் மஞ்சள்னா எனக்கு சந்தோஷம் வரல தங்கச்சி, சந்தேகம்தான் வருது. காலனி வளர்க்க என்ன ஊடகம் வெச்சே? பாஸ்பேட் எவ்வளவு போட்டே? ஆர்சனிக்கே போடாத தட்டு ஒண்ணு வெச்சியா? அதைச் சொல்லு முதல்ல.

எதிர்க்கேள்வி

எல்லாரும் ஒரே பக்கமாகப் போகிறீர்கள். 2010-ல் நாசா அறிவித்ததை மறந்துவிட்டீர்களா? கலிபோர்னியாவில் மோனோ ஏரியில் கிடைத்த ஜி.எஃப்.ஏ.ஜே-1 பாக்டீரியா ஆர்சனிக்கை வைத்தே தன் டி.என்.ஏ.வைக் கட்டுகிறது என்று உலகமே பேசியதே. அது "தின்பது" இல்லையா?

ஓய்வு வாத்தியார்

உலகம் பேசியது உண்மை. பிறகு நடந்ததையும் பேச வேண்டும். பாஸ்பரசுக்குப் பதிலாக ஆர்சனிக்கை வைத்து அது வளர்கிறது என்பதுதான் 2010 டிசம்பரில் வந்த கட்டுரையின் வாதம். 2012-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியே சோதித்தன. பாஸ்பேட் அறவே இல்லையென்றால் அது வளரவில்லை, டி.என்.ஏ.வில் ஆர்சனேட் கோக்கப்பட்டிருக்கவும் இல்லை. முதல் சோதனை ஊடகத்தில் கலந்திருந்த துளிப் பாஸ்பேட்டே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. 2025 ஜூலையில் "சயின்ஸ்" இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆசிரியர்கள் அதற்கு உடன்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்தப் பாக்டீரியாவை நான் மட்டம் தட்ட மாட்டேன். ஆர்சனேட் வெள்ளத்துக்கு நடுவே பாஸ்பேட்டை மட்டும் பொறுக்கி எடுக்கும் புரதம் அதனிடம் இருக்கிறது. அச்சு அசலான இரண்டில் சரியானதை ஆயிரக்கணக்கான மடங்கு தேர்ச்சியோடு பிரித்தெடுக்கிறது. ஆர்சனிக்கைத் தின்றதாகச் சொல்லப்பட்ட உயிரின் உண்மையான திறமை ஆர்சனிக்கை ஒதுக்குவதில்தான் இருந்தது.

வண்டல்

எதிர்க்கேள்வி நண்பரே, "தின்பது" என்ற சொல்லுக்குக் கொஞ்சமாவது அருகில் வருவது வேறு ஒன்று: சுவாசிப்பது. நமக்கு ஆக்சிஜன் போல சில பாக்டீரியாக்களுக்கு ஆர்சனேட். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களை இறக்கிவைக்க ஒரு இடம் வேண்டும், அதை ஆர்சனேட்டில் இறக்கும். இப்படி வளரும் பாக்டீரியாவை மாசசூசெட்ஸில் அபர்ஜோனா ஆற்றுப் படுகைச் சேற்றிலிருந்து எடுத்து 1994-ல் அறிவித்தார்கள். ஷேவனெல்லா ஏ.என்.ஏ-3 என்று இன்னொன்று. ஆர்சனிக் ஏற்றிய மரத்தூணில் கிடைத்தது. அதனிடம் தள்ளும் பம்பும் உண்டு, சுவாசிக்கும் நொதியும் உண்டு. இரண்டும் வேறு வேறு மரபணுக்கள். ஒன்று தற்காப்பு, மற்றது பிழைப்பு. ஃபார்வர்டு எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

இப்போது வங்காளம். அங்கே நடந்தது தெரிந்தால் பாக்டீரியாவைப் பார்க்கும் பார்வையே மாறும்.

கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையிலிருந்து அரைத்துக் கொண்டுவந்த வண்டல் அது. மணல் துகள்மேல் மெல்லிசாக இரும்புத் துரு. அந்தத் துருவில் ஆர்சனிக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒட்டியிருக்கும் வரை யாருக்கும் தொந்தரவில்லை, மண்ணில் அதன் அளவும் பெரிதாகக் கிடையாது. ஆனால் அதே வண்டலோடு பழைய செடிகொடி மக்கும் புதைந்திருக்கிறது. நிலத்தடியில் பாக்டீரியாக்கள் அந்த மக்கைத் தின்கின்றன. தின்றால் மூச்சு விடணும். முதலில் ஆக்சிஜன் தீர்கிறது, பிறகு நைட்ரேட், மாங்கனீசு. கடைசியில் கைவைப்பது இரும்புத் துருவில். துரு கரைகிறது, அதன்மேல் உட்கார்ந்திருந்த ஆர்சனிக் நீரில் இறங்குகிறது.

1970-களில் குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கிலிருந்து குழந்தைகளைக் காப்பாற்ற யுனிசெஃப் துணையோடு வங்கதேசத்தில் அடிபம்புகள் போட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆர்சனிக் இருக்கிறதா என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் 1983-ல் கொல்கத்தாவில் தோல் மருத்துவர் கே. சி. சாகாவிடம் வந்த நோயாளிகளின் உடம்பில் மழைத்துளி விழுந்த மாதிரிப் புள்ளிகள், உள்ளங்கை சொரசொரத்துத் தடித்திருந்தது. கிணற்று நீர்தான் காரணம் என்று அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பிறகு பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வகமும் வங்கதேச அரசும் சேர்ந்து செய்து 2001-ல் வெளியிட்ட ஆய்வில் ஆழம் குறைந்த கிணறுகளில் 27 சதவீதம் அந்த நாட்டின் வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன.

நதியா மண்ணை ஜாடியில் போட்டு, காற்றை அடைத்து, அசிட்டேட் ஊற்றி மான்செஸ்டர் பல்கலைக்கழகக் குழு ஒரு சோதனை செய்தது. 2004-ல் "நேச்சர்" இதழில் வந்தது. உணவு கிடைத்ததும் இரும்புத் துருவைச் சுவாசிக்கும் ஜியோபாக்டர் பாக்டீரியாக் கூட்டம் பெருகியது, இரும்பு ஒடுங்கியது (அதாவது துரு கரைந்தது), அதற்குப் பின்னால்தான் ஆர்சனிக் வெளியே வந்தது. கூடவே வரவில்லை, பின்னால் வந்தது. துரு கரைவது மட்டும் போதாது, ஆர்சனேட்டை நேரடியாகச் சுவாசிக்கும் ஆட்களுக்கும் இதில் பங்கு உண்டு என்ற வாதம் அங்கிருந்து வலுத்தது. அந்த மக்கு எங்கிருந்து வருகிறது, பழைய வண்டலிலிருந்தா, மேலே இருக்கும் குளங்களிலிருந்தா என்று இன்னும் சண்டை ஓடுகிறது. எனக்கும் அதில் ஒரு கட்சி உண்டு, இங்கே வேண்டாம்.

அங்கே பம்பில் அடித்த நீர் கண்ணாடி மாதிரி இருக்கும். குடத்தில் பிடித்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் மேலே செம்பழுப்புப் படலம் கட்டும். கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டுத் திரும்பத் துருவாகிறது. போர் போடுகிற மேஸ்திரிகளுக்கு இந்த வேதியியல் எல்லாம் தெரியாது, ஆனால் மணல் நிறம் தெரியும். சாம்பல் கறுப்பு மணல் வந்தால் துரு கரைந்த மணல், நம்பக் கூடாது. செம்மஞ்சள் மணல் வந்தால் துரு இன்னும் இருக்கிறது, ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருக்கும். நிறத்தைப் பார்த்துக் குழாயை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிக்கும் முறையை ஆய்வாளர்களும் சோதித்துச் சரி என்றிருக்கிறார்கள். நான் படித்ததை விட அவர்கள் கையில் வந்த மண்ணைத் தேய்த்துப் பார்த்தது எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

தொளிக்காரன்

தம்பி எளுதினது எல்லாம் படிச்சேன். நா திருவாரூர் பக்கம், நாலு வேலி. ஆக்சிஜன் இல்லாத சேறுன்னு சொன்னதும் எங்க வயல்தான் ஞாபகம் வருது. தொளி அடிச்சு தண்ணி கட்டி வெச்சா நாலு நாள்ல கறுத்துப் போயி நாத்தம் வரும், கால வெச்சா முட்டை முட்டையா கொப்புளம் எளும்பும். அப்ப நெல்லு வயல்லயும் இதே கூத்து நடக்குமா? டி.ஏ.பி. போட்டா பாஸ்பேட்டு அதோட சண்டை போட்டு வெளியேத்துமா?

வண்டல்

அண்ணே, முதலில் ஒன்று: காவேரி டெல்டாவை நான் சொன்ன கதையோடு சேர்த்துப் பயந்துவிடாதீர்கள். வங்காளத்தில் இருப்பது இமயமலை வண்டல், வேறு நிலம். ஆனால் சேற்று வயலுக்குள் நடக்கும் கூத்து எங்கேயும் ஒன்றுதான்.

வங்காளத்தில் போரோ நெல் என்று கோடைப் பட்டம் உண்டு, பெரும்பாலும் ஆழ்துளைப் பாசனம். ஆர்சனிக் நீரே வயலுக்குப் பாய்கிறது. தண்ணீர் கட்டினால் நீங்கள் சொன்ன மாதிரி சில நாளில் ஆக்சிஜன் தீர்ந்து, துரு கரைந்து, ஆர்சனிக் ஆர்சனைட்டாக வேரடியில் நிற்கும். நெல்லோ சிலிக்காவுக்கு உயிரை விடும் பயிர். இலை அறுக்கிறதே, அதற்குக் காரணமே சிலிக்காதான். சிலிக்காவை உறிஞ்சும் வாசலிலேயே ஆர்சனைட்டும் உள்ளே போகிறது என்று 2008-ல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். கோதுமை காய்ந்த நிலத்துப் பயிர், அதற்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. நெல்லும் முழுக்க ஏமாளி இல்லை. வேர் வழியாகக் கொஞ்சம் காற்றைக் கசியவிடும், அதனால் வேரைச் சுற்றிச் செம்படலம் கட்டும், அது கொஞ்சம் ஆர்சனிக்கைத் தடுத்து வைக்கும். நாற்றைப் பிடுங்கினால் வேர் சிவந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

டி.ஏ.பி. விஷயம் இரண்டு பக்கமும் வெட்டும். மண்ணில் துருமேல் ஒட்டிய ஆர்சனேட்டைப் பாஸ்பேட் நெட்டித் தள்ளி நீரில் இறக்கிவிடும். வேரில் அதே பாஸ்பேட் ஆர்சனேட்டை உள்ளே விடாமல் போட்டி போடும். எது ஜெயிக்கும் என்பது மண்ணைப் பொறுத்தது. சேற்று வயலில் இருப்பது பெரும்பாலும் ஆர்சனைட் என்பதால் போட்டியில் பெரிய லாபம் எதிர்பார்க்க முடியாது.

தொளிக்காரன்

அப்ப காய்ச்சலும் பாய்ச்சலுமா வெச்சா? எங்களுக்கு தண்ணி மிச்சம் பண்ண வேளாண்மைத் துறைல அதத்தான் சொல்றாங்க.

வண்டல்

பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஆர்சனிக்கைக் குறைக்க அங்கேயும் சொல்வது அதைத்தான். காயப்போட்டால் காற்று இறங்கும், துரு திரும்ப உருவாகும், ஆர்சனேட்டாகி அதில் ஒட்டிக்கொள்ளும். அரிசியில் ஆர்சனிக் குறைவது பல இடத்தில் அளந்து பார்த்த விஷயம். ஒரே ஒரு முள்: மண்ணில் கேட்மியமும் இருந்தால் காயப்போடும்போது அது கரைந்து அரிசிக்கு ஏறும். ஒன்று குறைய ஒன்று கூடும். அதனால் மண்ணைச் சோதிக்காமல் எங்கும் ஒரே மருந்து என்று சொல்ல மாட்டேன்.

உமிச் சாம்பல், வைக்கோல் திரும்ப வயலுக்கே போனால் சிலிக்கா கூடும், வாசலில் ஆர்சனைட்டுக்கு நெரிசல் ஆகும். இது சும்மா கிடைப்பது.

அடுக்களை அரசி

ஒரு சின்ன கேள்வி. நாங்க வீட்டுல இன்னும் சோறு வடிச்சுத்தான் சாப்பிடறோம். மருமக குக்கர்தான் நல்லதுன்னு சண்டை. கஞ்சியோட ஆர்சனிக்கும் போகுமா?

வண்டல்

போகும்மா. நல்லா களைஞ்சு, அரிசிக்கு ஆறு பங்கு தண்ணீர் வெச்சு வடிச்சா, அரிசியில இருக்கிற ஆர்சனிக்ல பாதிக்கு மேலயே குறைச்சதா மேற்கு வங்காள அரிசியை வெச்சு அளந்திருக்காங்க. ஆனா உலை வைக்கிற தண்ணீர் சுத்தமா இருக்கணும். ஆர்சனிக் தண்ணீர்ல ஆக்கினா அரிசி அதையும் உறிஞ்சிக்கும். வடிக்கிறப்போ கொஞ்சம் சத்தும் போகும்கறதை மருமக சொன்னா அதுவும் நியாயம்தான். சண்டைக்கு நான் வரல.

ஓய்வு வாத்தியார்

இன்னொரு வேதியியல் வழி விட்டுப்போயிற்று. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் சுவருக்கு ஒட்டும் காகிதத்தில் ஷீலே பச்சை என்ற செம்பு ஆர்சனைட் சாயம் பூசுவார்கள். ஈரமான அறைகளில் இருந்தவர்கள் நோய்ப்பட்டார்கள், அறையில் பூண்டு வாசம் வரும். 1890-களில் இத்தாலியரான பர்த்தலோமியோ கோசியோ, காகிதத்தில் படர்ந்த பூஞ்சை ஆர்சனிக்கை வாயுவாக்குகிறது என்று காட்டினார். அது டிரைமெத்தில் ஆர்சின் என்று 1930-களில் இங்கிலாந்தில் ஃபிரடெரிக் சேலஞ்சர் நிறுவினார். பூஞ்சை மட்டுமல்ல, மண் பாக்டீரியாவும் இதைச் செய்யும்.

எதிர்க்கேள்வி

பாருங்கள்! மண்ணிலிருந்து வாயுவாகப் பறந்துபோனால் மண் சுத்தம்தானே? ஃபார்வர்டு முழுப் பொய் இல்லை.

வண்டல்

நானும் முதல் வருஷம் இப்படித்தான் துள்ளினேன். ஆர்ஸ்-எம் என்ற நொதி ஆர்சனைட்டில் மெத்தில் தொகுதிகளை (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த துண்டு) ஒவ்வொன்றாகச் சேர்க்கும். மூன்று சேர்ந்தால் வாயு. ரோடோசூடோமோனாஸ் பலூஸ்டிரிஸ் என்ற பாக்டீரியாவில் இதை 2006-ல் தெளிவாகக் காட்டினார்கள். ஆனால் வயலில் போய் அளந்தால் ஒரு வருஷத்தில் வாயுவாகப் போவது மண்ணில் இருக்கும் ஆர்சனிக்கில் மிகச் சிறு பங்கு. போனதும் காற்றில் ஆக்சிஜனேற்றம் ஆகி மழையோடு எங்கேயோ இறங்கும். மறுபடியும் அடுத்த வீட்டு வாசல்.

நடுவில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. ஒரே ஒரு மெத்தில் ஏறிய மெத்தில் ஆர்சனைட் என்ற சேர்மம் ஆர்சனைட்டை விடக் கொடியது. அதைத் தயாரித்துப் பக்கத்துப் பாக்டீரியாவைக் கொல்லப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள் உண்டு. பக்கத்தில் இருப்பதும் சும்மா இராது: ஆர்ஸ்-ஐ என்ற நொதி கார்பன்-ஆர்சனிக் பிணைப்பை வெட்டும், ஆர்ஸ்-பி வரிசையில் சேராத தனிப் பம்பு ஒன்று மெத்தில் ஆர்சனைட்டை வெளியே தள்ளும். நெல் வேரடியில் எடுத்த பர்க்ஹோல்டேரியா கிளாடியோலி என்ற பாக்டீரியா ஆர்சினோதிரிசின் என்று ஒரு ஆண்டிபயாடிக்கே செய்கிறது, ஆர்சனிக்கை உள்ளே வைத்து. தாங்குவது என்ற இடத்திலிருந்து ஆயுதமாக்குவது வரை போய்விட்டார்கள்.

இரண்டு மெத்தில் ஏறியது நெல்லுக்குள் போனால் கதிர் பால் பிடிக்காது. பதராகி நிமிர்ந்தே நிற்கும். அமெரிக்காவில் ஆர்சனிக் களைக்கொல்லி அடித்த பழைய பருத்தி நிலத்தில் நெல் போட்டபோது இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். நெல்லால் தானாக ஆர்சனிக்கில் மெத்தில் சேர்க்க முடியாது. அது மண் நுண்ணுயிர் செய்து கொடுத்தது.

உருப்படியாக உதவுவது எதிர்த் திசையில் போகும் பாக்டீரியாக்கள்தான். ஆர்சனைட்டை ஆர்சனேட்டாக மாற்றுகிறவை. 1918-லேயே கிடைத்துவிட்டன, அதுவும் வேடிக்கையான இடத்தில். தென்னாப்பிரிக்காவில் உண்ணிக்காக மாடுகளை ஆர்சனைட் தொட்டியில் முக்கி எடுப்பார்கள். அந்தத் தொட்டி நீரிலிருந்து கிரீன் என்பவர் ஆர்சனைட்டை ஆக்சிஜனேற்றம் செய்யும் பாக்டீரியாவைப் பிரித்தார். ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கத்தில் எடுத்த என்.டி-26 என்ற பாக்டீரியா ஆர்சனைட்டிலிருந்து எலக்ட்ரானை எடுத்து, கார்பன் டை ஆக்சைடிலிருந்து உடம்பைக் கட்டுகிறது. விஷத்தை எரிபொருளாக வைத்து வாழ்கிறது. சித்தப்பாவின் ஃபார்வர்டுக்கு மிக அருகில் வருவது இதுதான்.

இதனால் நமக்கு என்ன? ஆர்சனைட்டுக்குச் சாதாரண நீரில் மின்சுமை இல்லை, வடிகட்டியில் நழுவிப் போய்விடும். ஆர்சனேட்டுக்கு எதிர்மின்சுமை உண்டு, இரும்புத் துருவில் பிடிபடும். ஆகவே முதலில் பாக்டீரியா மாற்றட்டும், பிறகு துரு பிடிக்கட்டும். மணல் வடிகட்டிகளில் இது நாம் சொல்லாமலே நடக்கிறது.

அப்புறம் அந்தத் துருச் சேறு. நான் பார்த்த ஒரு ஊரில், பேர் வேண்டாம், வடிகட்டியைக் கழுவிய செஞ்சேற்றைப் பின்னால் குளத்தோரம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சாணியும் தழையும் விழுகிற இடம். ஆறு மாதத்தில் சேறு கறுத்துவிட்டது. மேலே சொன்ன ஜாடிச் சோதனையை அந்த ஊர் திறந்த வெளியில் செய்துகொண்டிருந்தது. சொன்னேன். "எங்க கொண்டு போறது, நீயே எடுத்துட்டுப் போ" என்றார்கள். என்னிடமும் பதில் இல்லை.

செம்மண்

பெரணிச் செடி ஒன்று ஆர்சனிக்கை உறிஞ்சும் என்று எங்கோ படித்தேனே?

ஓய்வு வாத்தியார்

டெரிஸ் விட்டேட்டா. நம் ஊர்ப் பழைய கிணற்றுச் சுவர்களில் முளைக்கும் பெரணி வகைதான். காய்ந்த இலையின் எடையில் 2 சதவீதம் வரை ஆர்சனிக் சேர்க்க வல்லது என்று 2001-ல் புளோரிடாவில் லீனா மாவின் குழு அறிவித்தது. உறிஞ்சிய இலையை எங்கே வைப்பது என்று அடுத்து கேட்பீர்கள் என நினைக்கிறேன்.

செம்மண்

கேட்கவே மாட்டேன் ஐயா, புரிந்துவிட்டது. சித்தப்பாவுக்கு இப்படிப் போட்டேன்: "பாக்டீரியா ஆர்சனிக்கைத் தின்று அழிக்காது. உருவை மாற்றித் தன் செல்லை விட்டு வெளியே தள்ளும். காற்றோட்டம் இருந்தால் மண்ணில் ஒட்டவைக்கும், இல்லையென்றால் தண்ணீரில் கரைத்துவிடும்."

அவர் பதில்: மூன்று கும்பிடு. அடுத்த நிமிடம் வேம்பு பற்றி வேறு ஃபார்வர்டு.

நுண்ணிலா

வண்டல் அண்ணா, நீங்க கேட்டதைப் பார்த்துட்டு நேத்து ராத்திரி தூக்கமே வரல. காலைல முதல் வேலையா ஆர்சனிக்கே போடாத தட்டுல, காலனியே இல்லாத வெறும் தட்டுல சில்வர் நைட்ரேட் ஊத்தினேன்.

மஞ்சள்.

ஊடகத்துல பாஸ்பேட் பஃபர். சில்வர் பாஸ்பேட்டும் மஞ்சள்தான்னு இப்பதான் மண்டைல உறைக்குது. பிளஸ் டூ உப்புப் பகுப்பாய்வுல படிச்சதேதான்.

வண்டல்

அதோட அவ்வளவு பாஸ்பேட் இருந்தா ஆர்சனேட் உள்ளேயே நுழைஞ்சிருக்காது. 50 மில்லிமோலைத் தாங்குச்சுங்கறதும் சந்தேகம்தான். பாஸ்பேட்டைக் கம்மி பண்ணி, பாஸ்பேட் இல்லாத டிரிஸ் பஃபர்ல திரும்ப ஓட்டு. ஆனா டிரிஸ்ல குளோரைடு இருந்தா சில்வர் குளோரைடு வெள்ளையா இறங்கி எல்லாத்தையும் மூடிடும், அதையும் பார்த்துக்கோ. நிறத்தை மட்டும் நம்பாதே, ஆர்ஸ்-சி மரபணு இருக்கான்னு பார்க்க ஒரு பி.சி.ஆர். போடு. வெறுப்பா இருக்கா? என் ரெண்டாவது வருஷம் முழுக்க இதே மஞ்சள்லதான் போச்சு.

நுண்ணிலா

புது ஊடகம் இப்பதான் ஆட்டோகிளேவ்ல இருக்கு. 11-ல எத்தனை மிஞ்சும்னு வியாழக்கிழமை வந்து சொல்றேன். வழிகாட்டி ஐயாகிட்ட இன்னும் சொல்லல.